அப்பா சாண் போட்டு அளந்த தண்டவாளம்

வணக்கம். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று பலமாக இருக்கிறது. நடுவில் குரல் கேட்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிவது எங்கள் கிருஷ்ணகிரி கோட்டை மலை.

தம்பியைப் பார்க்கத் தென் கொரியா போய்வந்ததைப் போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அரண்மனையைக் காட்டுங்கள், கடைத்தெருவைக் காட்டுங்கள் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அதையெல்லாம் ஆயிரம் பேர் காட்டியாயிற்று. நான் இன்றைக்குச் சொல்லப்போவது தண்டவாளத்தின்மேல் சைக்கிள் மிதித்த கதை. ரயில் நிலையமே இல்லாத ஊர்க்காரர்கள் கடல் தாண்டிப் போய் ரயில் பாதையில் பெடல் மிதித்தார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும். எங்கள் வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல்.

இடத்தின் பெயர் காங்சோன் ரயில் பூங்கா. சியோலுக்கும் சுன்சோன் நகரத்துக்கும் நடுவே 1939-ல் ஓடத் தொடங்கிய ஒற்றைப் பாதை அது. புகான் ஆற்றோடு ஒட்டிக்கொண்டே போகும். 2010 டிசம்பரில் மின்சார இரட்டைப் பாதை திறந்ததும் பழைய பாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிடவில்லை. ஆற்றோரமாக ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, 2012-ல் பெடல் வண்டிகளை இறக்கிவிட்டார்கள். அந்த நாட்டில் இதற்கும் முன்னோடி உண்டு. ஜாங்சோன் என்ற மலைப்பகுதியில், நிலக்கரி ஏற்றிப்போன பாதையில் 2005-லேயே இந்த வண்டிகள் வந்துவிட்டன.

நாங்கள் ஏறிய இடம் கிம்யூஜாங் நிலையம். அந்த ஊர் எழுத்தாளர் ஒருவரின் பெயர் அது. 29 வயதிலேயே இறந்துபோனவர். கொரியாவில் ஒரு மனிதரின் பெயரைச் சூட்டிய முதல் ரயில் நிலையம் என்றார்கள். 2004-ல் சூட்டியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்ததும் அதே வருடம்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்குத் தோன்றியது, சொன்னேன்.

இப்போது திரையில் பாருங்கள், இதுதான் வண்டி. நான்கு இரும்புச் சக்கரம், மேலே ஒரு சட்டம், அதில் முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் இரண்டு. ஒவ்வொருவர் காலடியிலும் பெடல். இரண்டு பேர் வண்டியும் இருக்கிறது. தம்பியும் அவன் மனைவியும் அதில் ஏறி எங்களுக்கு முன்னால் போனார்கள். அப்பா, அம்மா, நான், என் பையன் நான்கு பேரும் பெரிய வண்டியில்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தவர். இப்போது முட்டிவலி. "நீங்கள் சும்மா உட்காருங்கள், நாங்கள் மிதிக்கிறோம்" என்று சொல்லித்தான் ஏற்றினேன். வண்டி நகர்ந்தது. அவருடைய இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டு எதையோ தேடின. இந்த வண்டியில் ஹேண்டில்பார் கிடையாது. திருப்ப வேண்டிய வேலை இல்லை; சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கும், அதுவே வண்டியைத் தண்டவாளத்தோடு கட்டிப்போட்டு வளைவிலும் கூட்டிப்போய்விடும். கையைக் கொண்டுபோய் மடியில் வைத்தார், தொடையில் வைத்தார், மார்பில் கட்டிக்கொண்டார். கடைசியில் அம்மாவின் கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மனிதருக்கு நிம்மதி.

கால் மட்டும் முதல் நிமிடத்திலேயே மிதிக்கத் தொடங்கிவிட்டது. நான் தடுக்கவில்லை. ஏனென்றால் உண்மையிலேயே பாரம் தெரியவில்லை. சாலையில் ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, நம் உழைப்பில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. இரும்பின்மேல் இரும்பு உருளும்போது அந்த நசுங்கல் மிகக் குறைவு. நான்கு பேர் கனத்தையும் சேர்த்துச் சமதளத்தில் இரண்டு பேர் மெதுவாக மிதித்தாலே வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. அதே காரணத்தால் சுலபத்தில் நிற்கவும் நிற்காது. இதை ஏறும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட வேண்டும், பிரேக் நெம்புகோலை முன்கூட்டியே இழுக்க வேண்டும் என்று. கொரிய மொழியில் சொன்னார்கள், தம்பி மொழிபெயர்த்தான். மொழிபெயர்த்தவனே அதை மறந்துபோனான்.

முதல் சுரங்கம் தாண்டி வெளியே வந்தோம். வலப்பக்கம் ஆறு, எதிர்க்கரையில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கின்றன. அக்டோபர் கடைசி. அந்த அழகைப் பார்த்த மயக்கத்தில் தம்பி வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான்! நான் நெம்புகோலை இழுக்கிறேன், சக்கரம் கீச்சென்று கத்துகிறது, வண்டி தன் பாட்டுக்குப் போகிறது. "தள்ளுடா, தள்ளுடா" என்று அப்பா கத்துகிறார். எங்கே தள்ளுவான்? இருப்பது ஒரே பாதை. டக் என்று ஒரு மோதல். யாருக்கும் அடி இல்லை. தம்பி மனைவியின் கையிலிருந்த காபி மட்டும் அவன் சட்டையில் கொட்டியது. அம்மா அவனைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினாள். முப்பத்தெட்டு வயதிலும் தம்பி விஷயத்தில் நியாயம் கிடைப்பதில்லை.

அம்மா புடவையில் வந்திருந்தாள். போகிறவர்கள் கவனியுங்கள்: பெடலுக்குப் பக்கத்திலேயே செயின் ஓடுகிறது. கொசுவத்தைத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கட்டி, வயலில் இறங்குகிறவள்போல் உட்கார்ந்தாள். சுடிதாரோ பேண்டோ போட்டுக்கொண்டு போவது நல்லது.

மிதிப்பது சுமார் ஆறு கிலோமீட்டர். நடுவில் நான்கு சுரங்கங்கள். சிலவற்றில் வண்ண விளக்கும் பாட்டும் வைத்திருக்கிறார்கள். பையனுக்குப் பிடித்திருந்தது, எனக்கு இருட்டாகவே விட்டிருக்கலாம் என்று தோன்றியது. பிறகு இரண்டரை கிலோமீட்டர் ஒரு சின்ன ரயிலில் உட்கார்ந்து காங்சோன் வரை போகலாம். அங்கிருந்து புறப்பட்ட இடத்துக்கே பஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறார்கள். டிக்கெட்டுக்கு நேரம் குறித்துத்தான் தருகிறார்கள், விடுமுறை நாளில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சாப்பாடு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுன்சோனில் கோழியைக் காரக் குழம்பில் புரட்டி இரும்புத் தட்டில் வதக்கித் தரும் தக்கல்பி பிரபலம். நாங்கள் ஒரு பிடி பிடித்தோம். அம்மா தான் கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

திரும்பி வந்த பிறகு கிம்யூஜாங்கின் பழைய நிலையத்தைப் பார்க்கப் போனோம். கட்டடத்தையும் பழைய ரயில் பெட்டிகளையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பாவைக் காணவில்லை. பார்த்தால், முட்டிவலிக்காரர், பெட்டிக்குப் பக்கத்தில் தண்டவாளத்தின் குறுக்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாண் போட்டு அளந்துகொண்டிருக்கிறார். ஒரு தண்டவாளத்தின் உள்விளிம்பில் கட்டைவிரல், அங்கிருந்து விரித்த சுண்டுவிரல், மறுபடி கட்டைவிரல். "ஆறு சாண், கொஞ்சம் கூட" என்றார். "நம்முடையது இதில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது என்று தாத்தா சொல்வார்."

நம்முடையது! நம் ஊர் ரயில். எனக்கு அதுவரை தெரியாது. ஊருக்குத் திரும்பிவந்து தேடிப் படித்தேன். 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் ஓடியிருக்கிறது, சுமார் 40 கிலோமீட்டர். மறுவருடம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் இரண்டரை அடி அகலப் பாதைகள். தாது வருடப் பஞ்சத்தில் தானியம் கொண்டுவர வழியில்லாமல் ஜனங்கள் செத்தார்களே, அப்படி இனி ஆகக் கூடாது என்று வறண்ட பகுதிகளுக்குப் போட்ட பஞ்ச நிவாரணப் பாதைகள். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-ல் நிறுத்திவிட்டார்கள். "சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்" என்பது தாத்தா சொன்னதாக அப்பா சொல்வது. ஓசூருக்கும் தருமபுரிக்கும் பிறகு வேறு பாதை வந்தது. மொரப்பூர் தருமபுரி பாதைக்கு 2019-ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களான நாங்கள் இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறோம்.

எனக்கு ஆற்றாமை ரயில் போனதில் கூட அவ்வளவு இல்லை. எந்த வழியாகப் போனது என்று வீட்டில் யாராலும் கைகாட்ட முடியவில்லையே, அதில்தான்.

ஒரு தம்பி கேட்டிருந்தார்: பழைய சைக்கிளில் இரும்புச் சக்கரம் வெல்டிங் வைத்துச் சாமல்பட்டிப் பக்கம் ஓட்டிப் பார்க்கலாமா என்று. கூடவே கூடாது. அது ஜோலார்பேட்டை சேலம் பாதை, விரைவு ரயில்கள் பறக்கிற இடம். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்ததற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. சிறை கிடக்கட்டும், ஓட்டுநர் உங்களைப் பார்த்துப் பிரேக் போட்டாலும் ரயில் உங்களைத் தாண்டித்தான் நிற்கும். சின்ன வயதில் அப்பா அதே சாமல்பட்டியில் டிராலி பார்த்திருக்கிறார். அதிகாரி குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்க, டிராலிக்காரர்கள் வெறுங்காலோடு தண்டவாளத்தின்மேலேயே ஓடித் தள்ளிவிட்டு, வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்களாம். அதைப் பார்த்துத்தான் தபால் வேலைக்கு முன்னால் ரயில்வேக்கு மனுப் போட்டாராம். இதுவும் எனக்குக் கொரியாவில் வைத்துத்தான் தெரியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தச் சின்ன ரயிலைப் பற்றிச் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர் வழியாகப் போனது, எங்கே நின்றது, எது நினைவிருந்தாலும் சரி. மூன்றரைச் சாண் அகலத்தில் ஒரு ரயில் என்பதை என்னால் இன்னும்…

இருங்கள், அப்பா படியேறி வருகிறார்.

என்னப்பா? … ஆமாம், பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். … மூன்றரைச் சாண் என்றுதான் சொன்னேன்.

சரி. மூன்று சாண் நான்கு விரலாம். திருத்திக்கொள்ளுங்கள்.