அரசர் சொன்னார் என்றொரு சாக்கு

வணக்கம்.

டிராகன் தொடரைப் பற்றிப் பேச்சு என்று கேள்விப்பட்டு, நெருப்பும் சண்டையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எடுத்துக்கொண்டிருக்கும் எபிசோடில் டிராகன் சண்டையே கிடையாது. ஆரம்பத்தில் அரசரின் தம்பி டேமன் ஒரு மலைக்குகைக்குள் போய் மூன்று டிராகன் முட்டைகளை எடுத்துக்கொண்டு வருவார். அப்புறம் ஒரு வாரிசு வழக்கு, ஒரு ராத்திரி விருந்து, ஒரு சாவு. 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' முதல் சீசனின் எட்டாவது எபிசோடு. கீதா வசந்த் படேல் இயக்கியது, 2022 அக்டோபர் 9 அன்று ஒளிபரப்பானது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதையும் மறைத்துவைத்துக்கொண்டு இதைப் பற்றிப் பேச எனக்குத் தெரியவில்லை.

இந்த எபிசோடைப் பற்றி அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. "கிழட்டு அரசர் சாகிற நேரத்தில் ஏதோ முனகுகிறார், மனைவி அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார், அதனால் ஒரு நாடே பற்றி எரிகிறது. இதெல்லாம் ஒரு கதையா?" என்று. போர் அந்த முனகலால் வந்திருந்தால் இந்தக் குறை நியாயமானதுதான். முனகலால் வரவில்லை என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

கொஞ்சம் பின்கதை வேண்டும். தொடரின் முதல் எபிசோடு ஒரு மாமன்றத்தோடு தொடங்குகிறது. கிழ அரசர் ஜெய்ஹேரிஸுக்கு மகன்கள் இருவரும் செத்துப்போய்விட்டார்கள். அடுத்து யார்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரபுக்கள் ஹாரன்ஹால் கோட்டையில் கூடுகிறார்கள். 14 பேர் உரிமை கோருகிறார்கள், உண்மையில் பரிசீலிக்கப்படுவது இரண்டே பேர். வம்சத்தில் மூத்தவர் ரேனிஸ், பெண். ஆண்களில் மூத்தவர் விசெரிஸ். பிரபுக்கள் விசெரிஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரேனிஸுக்கு 'ராணி ஆகாத ராணி' என்ற பட்டம் மட்டும் மிஞ்சுகிறது. (ரேனிஸ் வேறு, ரெனீரா வேறு. இந்தக் குடும்பம் பெயர் வைத்த அழகுக்கு நான் பொறுப்பில்லை.)

ஆக, விசெரிஸ் அரசரானதே ஆண் என்பதால்தான். அந்த விசெரிஸ், மனைவியையும் பிறந்த மகனையும் ஒரே நாளில் இழந்த பிறகு, மகள் ரெனீராவை வாரிசாக அறிவிக்கிறார். பிரபுக்களை வரவழைத்து மண்டியிட்டுச் சத்தியம் செய்யச் சொல்கிறார். தன்னை அரியணையில் ஏற்றிய அதே வழக்கத்தை மீறி மகளை ஏற்றப் பார்க்கிறார். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற காரியம் இது. செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்வதென்றால் முழுதாகச் செய்திருக்க வேண்டும். இன்னொரு மாமன்றத்தைக் கூட்டிப் பழைய தீர்ப்பை மாற்றியிருக்கலாம். அலிசன்டை இரண்டாவதாக மணந்து மகன் ஏகான் பிறந்ததும், பிரபுக்களை மறுபடி அழைத்துச் சத்தியத்தைப் புதுப்பித்திருக்கலாம். ஏறத்தாழ 20 ஆண்டுகள் இருந்தன. விசெரிஸ் அந்தக் காலமெல்லாம் செய்தது, "நான் சொன்னது சொன்னதுதான்" என்று சொன்னது மட்டும்தான். பத்திரம் பதியாமல் வீட்டை மகளுக்கு என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்கும் அப்பாவைப் போல.

எட்டாவது எபிசோடு திறக்கும்போது இந்த மனிதர் கிட்டத்தட்ட பிணம். நோய் முகத்தில் பாதியைத் தின்றிருக்கிறது, ஒரு கண் இல்லை. விசெரிஸாக நடித்த பேடி கான்சிடைன் இதை ஒரு வகைத் தொழுநோய் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். வலி தெரியாமலிருக்க அபினி மருந்து கொடுத்துக் கொடுத்து, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்பதுகூட அவருக்குப் பிடிபடவில்லை. நாட்டை நடத்துவது ராணி அலிசன்டும் அவருடைய தந்தை ஆட்டோ ஹைடவரும்.

இந்த நேரத்தில்தான் வழக்கு வருகிறது. ரேனிஸின் கணவர், கடற்படைத் தலைவர் கோர்லிஸ் வெலேரியன் போரில் படுகாயம், பிழைப்பாரா என்பது சந்தேகம். அவர் ஆளும் டிரிஃப்ட்மார்க் தீவு யாருக்கு? கோர்லிஸ் எப்போதோ சொன்னபடி, ரெனீராவின் இரண்டாவது மகன் லூசெரிஸுக்கு. அதை எதிர்த்து வருகிறார் கோர்லிஸின் தம்பி வேமண்ட். லூசெரிஸ், ரெனீராவை மணந்த என் அண்ணன் மகனுக்குப் பிறந்தவனே இல்லை, அவன் உடம்பில் வெலேரியன் ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது என்பது அவர் வாதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் வேமண்ட் சொல்வது உண்மை. நமக்குத் தெரியும், அரசவைக்குத் தெரியும், ரெனீராவுக்கு நன்றாகவே தெரியும். ஒரு சாதாரணத் தொடராக இருந்தால் நாயகிக்கு எதிராக வழக்குப் போடுபவன் பொய்யனாக இருப்பான், நமக்கு வேலை சுலபம். இங்கே உண்மை பேசுகிறவருக்குத் தலை போகிறது, பொய் ஜெயிக்கிறது, நாம் பொய்யின் பக்கம் உட்கார்ந்து கைதட்டுகிறோம். சரி, வேமண்டும் உண்மைக்காக உயிரைக் கொடுத்த உத்தமர் இல்லை. அவருக்கு அந்த ஆசனம் வேண்டும். உண்மை அவருக்கு வாகாகக் கிடைத்த ஆயுதம்.

முந்தைய இரவு ரெனீரா அப்பாவின் படுக்கையருகே வந்து அழுகிறார். இந்தச் சுமையை என் தலையில் வைத்தவர் நீங்கள், நான் இதைச் சுமக்க வேண்டுமென்றால் என்னையும் என் பிள்ளைகளையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்கிறார். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. மறுநாள் அரசவை. இரும்பு அரியணையில் ஆட்டோ உட்கார்ந்திருக்கிறார். வேமண்ட் பேசி முடித்துவிட்டார், ரெனீரா வாயைத் திறக்கிறார். கதவு திறக்கிறது. முகத்தில் பாதியை மறைத்த தங்க முகமூடி, கையில் ஊன்றுகோல், விசெரிஸ் நடந்து வருகிறார்.

அந்த நடையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், நான் வர்ணித்துக் கெடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். அந்த மண்டபத்தில் சட்டம் என்று ஒன்றும் வேலை செய்யவில்லை. புதிய சாட்சி இல்லை, ஆவணம் இல்லை. அரசரின் உடம்பு அறைக்குள் நுழைந்ததும் தீர்ப்பு மாறுகிறது. ஆட்டோ எழுந்து வழிவிட வேண்டியிருக்கிறது. அந்த உடம்பு அறைக்கு வெளியே இருந்தவரை அவருடைய சொல்லுக்கு அங்கே மதிப்பே இல்லை. மகள் மீது அவர் வைத்த பாசத்துக்கு அந்த நடை சாட்சி என்கிறார்கள், வாஸ்தவம். அதே நடை அவருடைய ஆட்சியின் தோல்விக்கும் சாட்சி. சொல் தானாக நிற்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டைச் செய்திருந்தால், சாகக் கிடக்கிற மனிதர் எழுந்து நடக்க வேண்டியிருந்திருக்காது.

இதைத் தசரதனோடு ஒப்பிட நாக்கு துறுதுறுக்கிறது. ஒப்பிடவில்லை. தசரதனைக் கொன்றது கொடுத்த வாக்கு. விசெரிஸிடம் வாக்கைத் தவிர வேறொன்றுமே இல்லை.

அரியணைப் படியில் கிரீடம் கீழே விழுகிறது. யாரோ தாங்க வருகிறார்கள். வேண்டாம் என்று எரிந்து விழுந்தபடி நிமிர்ந்து பார்த்தால், நிற்பவர் தம்பி டேமன். முதல் எபிசோடில் எந்தத் தம்பியை வாரிசுரிமையிலிருந்து விலக்கி மகளை அறிவித்தாரோ, அதே தம்பி. கிரீடத்தை எடுத்து அண்ணன் தலையில் வைக்கிறார். படப்பிடிப்பில் கிரீடம் தற்செயலாக விழுந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டோம் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். கான்சிடைனின் விசெரிஸ் தன் புத்தகத்து விசெரிஸைவிட மேலானவர் என்று மூலநாவல் எழுதிய ஜார்ஜ் மார்ட்டினே பாராட்டினார். அப்படியும் எம்மி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்படவே இல்லை. விருதுக்காரர்கள் கணக்கு நமக்கு எங்கே புரிகிறது!

பிறகு ரேனிஸ் பேசுகிறார். கணவரின் விருப்பம் ஒருநாளும் மாறியதில்லை என்கிறார். கூடவே, தன் இரண்டு பேத்திகளுக்கும் ரெனீராவின் இரண்டு மகன்களுக்கும் நிச்சயம் பேசியாகிவிட்டது என்றும் அறிவிக்கிறார். பேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பொறுக்க முடியாத வேமண்ட் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பிள்ளைகளை முறைதவறிப் பிறந்தவர்கள் என்கிறார், ரெனீராவை அதைவிட மோசமாகச் சொல்கிறார். அந்த நாக்கை அறுக்கிறேன் என்று அரசர் கத்தியை உருவுகிறார். டேமன் முந்திக்கொள்கிறார். வாய்க்கு மேலே உள்ள பாதித் தலை மட்டும் போகிறது. நாக்கு அவனிடமே இருக்கட்டும் என்கிறார். நாவலில் இந்த வேமண்ட் அரசவைக்கே வருவதில்லை. அதற்கு முன்பே ரெனீராவின் ஆணைப்படி அவர் தலை போய்விடும். அரசரிடம் முறையிட வந்த மற்ற உறவினர்களுக்குத்தான் நாக்கு போகும். தொடர்க்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே மண்டபத்துக்குள் கொண்டுவந்தது நல்ல முடிவு.

விருந்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். விசெரிஸ் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குடும்பத்திடம் கெஞ்சுகிறார். அலிசன்டும் ரெனீராவும் ஒருவரையொருவர் வாழ்த்திக் கோப்பையை உயர்த்துகிறார்கள். அரசரைத் தூக்கிக்கொண்டு போனபின் ஒரு வறுத்த பன்றி வருகிறது. சின்ன வயதில் டிராகன் இல்லாத ஈமண்டுக்கு, அலிசன்டின் இன்னொரு மகனுக்கு, பன்றிக்கு இறக்கை கட்டிவிட்டுக் கேலி செய்தது லூசெரிஸுக்கு நினைவு வந்து சிரித்துவிடுகிறான். கைகலப்பு. அமைதி எவ்வளவு நேரம் தாங்கியது பாருங்கள், அரசர் அறையில் இருந்த நேரம் மட்டும்தான்.

இப்போது அந்தக் கடைசிப் படுக்கை. ரெனீரா என்று நினைத்துக்கொண்டு விசெரிஸ் அலிசன்டிடம் பேசுகிறார். முன்னோர் ஏகான் கண்ட கனவு, வரப்போகும் இளவரசன், நாட்டை ஒன்றுசேர்க்க வேண்டும், அதை நீதான் செய்ய வேண்டும் என்கிறார். அலிசன்டுக்கு ஏகான் என்றால் தன் மகன். அவனை அரசனாக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார். விசெரிஸ் சாகிறார்.

இதற்கு அசல் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இந்தக் கதைக்கு 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்தான் தூண்டுதல் என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். முதலாம் ஹென்றியின் மகன் வில்லியம் 1120-இல் கப்பல் கவிழ்ந்து மூழ்கிப்போனான். மிஞ்சியவர் மகள் மட்டில்டா. 1127-இல் ஹென்றி பிரபுக்களைக் கூட்டி மட்டில்டாவுக்குச் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களில் அவருடைய சகோதரி மகன் ஸ்டீஃபனும் ஒருவர். 1135 டிசம்பர் 1 அன்று ஹென்றி நார்மண்டியில் இறந்தார். மட்டில்டா கணவர் நாட்டில் இருந்தார். ஸ்டீஃபன் கடலைக் கடந்து விரைந்தார், டிசம்பர் 22 அன்று முடிசூட்டிக்கொண்டார்.

சத்தியம் என்ன ஆயிற்று? முடிசூட்ட வேண்டிய கேன்டர்பரி பேராயருக்கும் அந்த உறுத்தல் இருந்தது, அவரும் சத்தியம் செய்தவர்தான். அப்போது ஹியூ பைகாட் என்ற அரண்மனை அதிகாரி முன்வந்தார். சாகும் தறுவாயில் அரசர் மனம் மாறினார், மகளை விலக்கி ஸ்டீஃபனைக் காட்டினார் என்று அவர் சத்தியம் செய்தார். உறுத்தல் தீர்ந்தது. அந்த ஒரு சாட்சியைக் கேட்டுத்தான் எல்லாரும் கட்சி மாறினார்கள் என்று நம்ப முடியுமா? ஸ்டீஃபனுக்குத் தம்பி வின்செஸ்டர் பிஷப், கருவூலம் இருப்பதும் வின்செஸ்டரில். கட்சி முன்பே மாறியாகிவிட்டது. கண்ணாடியில் முகம் பார்க்க ஒரு காரணம்தான் பாக்கி, அதை பைகாட் கொடுத்தார். அப்புறம் ஏறத்தாழ 18 ஆண்டுகள் போர். மட்டில்டாவுக்கு முடி கிடைக்கவே இல்லை, அவர் மகன்தான் 1154-இல் இரண்டாம் ஹென்றியாக முடிசூடினான்.

அலிசன்டை இந்த பைகாட் இருந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வித்தியாசம், அலிசன்ட் பொய் சொல்லவில்லை, தான் கேட்டதை நம்புகிறார். ஒன்பதாவது எபிசோடில் அரசரின் கடைசி விருப்பம் என்று அவர் ஆலோசனைக் குழுவிடம் சொல்லும்போது என்ன நடக்கிறது? யாரும் திகைக்கவில்லை. ஏகானை அரியணையில் ஏற்றும் திட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, ராணிக்கே தெரியாமல். விசெரிஸ் அன்றிரவு வாயே திறக்காமல் செத்திருந்தாலும் மறுநாள் காலை அதே குழு அதே முடிவைத்தான் எடுத்திருக்கும். அந்த முனகல் போரைத் தொடங்கவில்லை. அலிசன்டை நிம்மதியாகத் தூங்கவைத்தது, அவ்வளவுதான். அவருக்கு அது தேவைப்பட்டது என்பதாலேயே நான் அவரை மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலாக நினைக்கிறேன். ஆட்டோவுக்கு அப்படி ஒன்றும் தேவைப்படவில்லை.

பழைய சத்தியத்தின் கதியையும் பத்தாவது எபிசோடு காட்டிவிடுகிறது. பொரோஸ் பராத்தியன் என்ற பிரபுவிடம் ரெனீராவுக்காக லூசெரிஸ் தூது போகிறான். சத்தியம் செய்தவர் பொரோஸின் அப்பா. அதை எனக்கு நினைவூட்ட வந்தாயா என்று மகன் சீறுகிறார், என் மகள்களில் யாரைக் கட்டிக்கொள்வாய் என்று கேட்கிறார். அவருக்குப் புதிய பேரம் வேண்டும்.

ஒன்பதாவது எபிசோடின் அந்தக் குழுக் கூட்டத்தை மறுபடி பார்த்தால் லைமன் பீஸ்பரியைக் கவனியுங்கள். வயதான பொருளாளர், அதுவரை பெரிதாக யாரும் மதிக்காதவர். அரசரை நான் அறிவேன், அவர் மகள் விஷயத்தில் ஒருநாளும் மாறியதில்லை, நீங்கள் செய்வது திருட்டு, துரோகம் என்று எழுந்து கத்துபவர் அவர் ஒருவர்தான். அரச மெய்க்காவலர் கிறிஸ்டன் கோல் அவரைப் பிடித்து நாற்காலியில் அழுத்துகிறார், தலை மேசையில் மோதிச் சாகிறார். பிணத்தை அப்புறப்படுத்தக்கூட இல்லை. அதை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, முடிசூட்டு ஏற்பாடுகளைப் பற்றி மேற்கொண்டு பேசுகிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.