மாநாட்டு மேடை: பதினைந்து நிமிடமும் அதற்குப் பிறகும்

நேயர்களுக்கு வணக்கம். துறை சார்ந்த மாநாடுகளில் எப்படி நடந்துகொள்வது, அந்த வழக்கங்கள் எப்படி மாறிவருகின்றன என்பதைப் பற்றிச் சில விஷயங்களைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முன்பெல்லாம் மாநாட்டு மரியாதை என்றால் மேடையில் இருப்பவருக்குத் தருகிற மரியாதைதான். இன்று அது அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், அடுத்துப் பேசக் காத்திருப்பவருக்கும் சேர்த்துத் தர வேண்டிய மரியாதையாகிவிட்டது. மாற்றம் முதலில் தெரிவது கடிகாரத்தில்.

ஒன்றரை மணி நேர அமர்வு. நான்கு பேச்சாளர்கள். ஒருவருக்கு 15 நிமிடப் பேச்சு, 5 நிமிடக் கேள்வி. மீதி பத்து நிமிடம் அறிமுகத்துக்கும் மேடை மாறுவதற்கும் போய்விடும். முதல் மூவரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால், நான்காமவரின் இருபது நிமிடத்தில் மிஞ்சுவது ஐந்து. பெரும்பாலும் அந்த நான்காவது ஆள் முதல் முறை மேடை ஏறுகிற இளையவர். "நேரம் இல்லை, சுருக்கமாக முடியுங்கள்" என்று அவரிடம் சொல்வதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

ஏன் நேரம் மீறுகிறது? வாய்விட்டுப் பேசிப் பார்க்காமல் மனத்துக்குள் படித்துப் பார்ப்பதுதான் காரணம். மனத்தில் பத்து நிமிடத்தில் ஓடுவது வாயில் அதைவிட நீளும். ஆகவே 15 நிமிடம் கொடுத்தால் 13 நிமிடத்துக்குத் தயார்செய்யுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறைந்தது இரண்டு முறை சத்தமாகப் பேசிப் பாருங்கள். நேரம் போதாவிட்டால் எந்த இரண்டு ஸ்லைடுகளைத் தாண்டலாம் என்று முன்பே குறித்துவையுங்கள். அவை முடிவுரை ஸ்லைடுகளாக இருக்கக் கூடாது.

அமர்வுத் தலைவருக்கு இதில் பாதிப் பொறுப்பு. அமர்வு தொடங்கப் பத்து நிமிடம் முன்பு நால்வரையும் சந்தித்து, "ஐந்து, இரண்டு, ஒன்று என்று அட்டை காட்டுவேன், நேரம் முடிந்ததும் எழுந்து நிற்பேன்" என்று சொல்லிவிட வேண்டும். அட்டையை ஓரத்திலிருந்து காட்டினால் பேசுபவர் கண்ணில் படாது. முன்வரிசையில், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து காட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மூத்தவரை நிறுத்துவதும் அவமதிப்பாகத் தோன்றாது.

அடுத்தது கேள்வி நேரம். "கேள்வி அல்ல, ஒரு கருத்து" என்று ஆரம்பிப்பவர் எழுந்ததும் அரங்கமே பெருமூச்சு விடும். அரை நிமிடம் பொறுத்துவிட்டுத் தலைவர் குறுக்கிடலாம்: "ஐயா, பேச்சாளரிடம் கேட்க விரும்புவதை ஒரே வரியில் சொல்லுங்கள்." குரலை உயர்த்தாமல் இதைச் சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஒருவருக்கு ஒரு கேள்விதான். தொடர்கேள்வி இருந்தால் இடைவேளையில் பேசிக்கொள்ளலாம்.

முதல் கேள்வியை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பத்து நாடுகளில் 35 ஆய்வு நிறுவனங்களில் நடந்த கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவையில் இருந்த பெண்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டாலும், அவர்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கேள்வி கேட்டார்கள். முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் இந்த வேறுபாடு கூடுதலாக இருந்தது. எனவே முதலில் தூக்கிய கைக்கே மைக்கைக் கொடுத்துவிட வேண்டாம். பேச்சு முடிந்ததும் ஒரு நிமிடம் இடம்விடுங்கள். யோசித்துக் கேட்பவர்களும் அதற்குள் கை தூக்குவார்கள்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. "எனக்கு மைக் வேண்டாம், என் குரல் எட்டும்" என்பது தன்னடக்கமாகத் தோன்றலாம். ஆனால் அரங்கின் ஒலியமைப்போடு இணைந்த காதுக்கருவி அணிந்தவருக்கும், இணையத்தில் கேட்பவருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும் மைக்கில் வரும் குரல்தான் தெளிவாகப் போய்ச் சேரும். மைக் இல்லாமல் யாராவது கேட்டுவிட்டால், பதில் சொல்லும் முன் அந்தக் கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்லுங்கள்.

புகைப்படம் எடுப்பதிலும் வழக்கம் மாறிவிட்டது. இன்னும் வெளியிடாத தரவைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டால், பல மாத உழைப்பு உரியவருக்கு முன்பே வெளியே போய்விடும். படம் எடுக்கலாமா கூடாதா என்று பேச்சாளர் முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிடுவது நல்லது. தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்பவர் வேறு நிறப் பட்டையில் அடையாள அட்டை அணியும் ஏற்பாடும் சில மாநாடுகளில் உண்டு. மூடிய கூட்டங்களுக்கு, லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் உருவான சாத்தம் ஹவுஸ் விதி இன்றும் பயன்படுகிறது: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று வெளியிடக் கூடாது.

இடைவேளையில் நாலு பேர் வட்டமாக நின்று பேசினால் புதியவர் உள்ளே வர வழியில்லை. ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். வாய் திறந்த வட்டமாக வரும் வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரில், பாக்-மேன் விதி என்று இதைச் சொல்கிறார்கள். ஒருவர் வந்து சேர்ந்ததும், இன்னொருவருக்கு மறுபடியும் இடம் திறக்க வேண்டும். கைகுலுக்குவதா வேண்டாமா என்பதை எதிரில் இருப்பவர் கை நீட்டுவதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கடைசியாக, நடத்தை நெறிகள். 2010-களில் மென்பொருள் மாநாடுகளில் வேகமாகப் பரவிய வழக்கம் இது. "கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதி ஒட்டுவதால் பயன் இல்லை. எவை கூடாது, யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். புகார் வாங்க ஒரே ஆள் இருந்தால், அவர் குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பராகவும் இருந்துவிடக்கூடும். ஆகவே குறைந்தது இருவர் வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

புகார் வரும்போது சொன்னவரின் வார்த்தைகளை அப்படியே, தேதி, நேரம், இடத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். "நீங்கள் ஏன் அங்கே போனீர்கள்?" என்று கேட்காதீர்கள். சமாதானம் பேச இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள். புகார் சொன்னவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். எப்போது பதில் வரும் என்றும் சொல்லி அனுப்புங்கள். பதிவு மேசை மாலையில் மூடிவிடும், விருந்து இரவு வரை நடக்கும். அதனால் அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிட்ட தொலைபேசி எண்ணை, கடைசி விருந்தினர் கிளம்பும் வரை யாராவது ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும்.

வணக்கம்.