மழை வந்தால் இந்த ரோட்டில் ஆறு ஓடும்!

[காட்சி: சுரங்கத்துக்குள் ஓடும் கார்கள்]

வணக்கம்! இந்த ரோட்டில் இப்போது கார் ஓடுகிறது. கனமழை கொட்டினால் இதே ரோட்டில் வெள்ளம் ஓடும். கோலாலம்பூரில் நாம் டோல் கட்டிப் போய்வருகிற ஸ்மார்ட் சுரங்கப்பாதைதான் இது. நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசத்தான் உங்களை இங்கே கூட்டிவந்தேன்.

பின்னணி ஒரே வரி: கிள்ளான் ஆறு பெருகி நகரத்துக்குள் புகாமல் இருக்க 9.7 கிலோமீட்டர் தோண்டினார்கள், 2007இல் திறந்தார்கள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். வெள்ளத்துக்கு மட்டும் என்றால், இவ்வளவு பெரிய சுரங்கம் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் சும்மாதான் கிடக்கும். அதனால் நடுப்பகுதியில் இரண்டு அடுக்குச் சாலை போட்டார்கள். சுமாரான மழையா? சாலைக்குக் கீழே தண்ணீர், மேலே இரண்டு அடுக்கிலும் கார். பேய்மழையா? கார்களை வெளியேற்றிவிட்டு, சாலையையும் தண்ணீருக்கே திறந்துவிடுவார்கள். வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி கார். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது!

[காட்சி: பத்துமலைப் படிகள்]

அப்புறம், பத்துமலையில் பார்க்கிற அதே சுண்ணாம்புப் பாறைதான் நகரத்தின் அடியிலும். தண்ணீர் அரித்து அரித்து உள்ளே பொந்தும் குகையுமாக இருக்கும். தோண்டும்போது ஏமாந்தால் மேலே தரை உள்வாங்கிவிடும். ஆக, ஆறு தெரிந்தவர், ரோடு தெரிந்தவர், பாறை தெரிந்தவர், டோல் கணக்குத் தெரிந்தவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் ஒரு குழிக்கு இரண்டு பயன். இப்படிப் பல துறை அறிவு ஒன்றுசேர்ந்தால்தான் வளம் பெருகும் என்பது என் எண்ணம்.

சரி, நம் பள்ளிகளில் இப்படிச் சேர்ந்து யோசிக்கக் கற்றுத் தருகிறோமா? போதாது என்பது என் கருத்து. நான் பாடத்திட்டம் போட்டால், படிவம் நான்கில் வருஷம் முழுக்க ஒரே கேள்விதான்: பள்ளிக்கூரையில் விழும் மழையை என்ன செய்யலாம்?

கோலாலம்பூரில் சராசரியாக வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 240,000 லிட்டர் விழும்! ஆளுக்குத் தினம் 150 லிட்டர் என்றால், நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு 219,000 லிட்டர் போதும். குழாயில் தண்ணீர் வராத நாளில் வாளியோடு லாரிக்குக் காத்திருக்கிறோமே, அப்போதும் நம் கூரைத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது.

தொட்டியைத் திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு வரும், அது உயிரியல். தொட்டிக்கும் குழாய்க்கும் ஆகும் செலவு கணக்கியல். பெற்றோர் சங்கத்தைச் சம்மதிக்க வைக்கும் கடிதம் தமிழ் வகுப்பு. ஆனால் மதிப்பெண்ணை ஆசிரியர்கள் சேர்ந்துதான் போட வேண்டும், இதில் நான் பிடிவாதம். தனித்தனியாகப் போட்டால் பிள்ளைகளும் தனித்தனியாகத்தான் படிப்பார்கள்.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூரை எத்தனை சதுர மீட்டர்? அளக்கச் சொல்லுங்கள். 2,400ஆல் பெருக்கி, எத்தனை லிட்டர் என்று கமெண்டில் போடுங்கள்.