படத்தில் மடக்குக் கத்தி, கையில் மடக்குக் கத்தி

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

நம் பழைய தமிழ்ப் படங்களில் மடக்குக் கத்தி என்றாலே பட்டன் கத்திதான். வில்லன் ஒரு அழுத்து அழுத்துவான், ‘டக்’கென்று அலகு வெளியே வரும், கதாநாயகி அலறுவாள். அதோடு கத்தியின் வேலை முடிந்தது. காட்டிலோ மலையிலோ தனியாக மாட்டிக்கொண்டவனைப் பற்றிய ஆங்கிலப் படங்களில் அதே கத்தி உழைக்கிறது. கயிறு அறுக்கும், குச்சி சீவும், தகர டப்பாவைத் திறக்கும், நெருப்புக்குப் பொறி உண்டாக்கும். அவன் கையில் கொடுவாள் இருந்திருந்தால் பாதி பிழைத்த மாதிரி. கதை சப்பென்று ஆகிவிடும். விரல் நீள அலகை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்பதுதான் நம்மை உட்காரவைக்கிறது. அந்தக் கவர்ச்சிக்குக் காரணம் கத்தியின் பலம் இல்லை, அதன் போதாமை.

‘127 ஹவர்ஸ்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 2010-இல் வந்தது, டேனி பாயில் இயக்கியது, இசை நம் ஏ.ஆர்.ரகுமான். ஏரன் ரால்ஸ்டன் என்பவர் 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், குறுகலான பாறைப் பிளவு ஒன்றில் வலது கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்த உண்மைக் கதை. படத்தின் தொடக்கத்தில் அலமாரித் தட்டைக் கையால் துழாவுகிறார். நல்ல சுவிஸ் கத்தி விரலுக்கு எட்டாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. கூடப் போனது குறடும் சின்ன அலகுகளும் சேர்ந்து மடங்கும் மலிவான கருவி ஒன்று. அதைக் கொண்டு பாறையைக் கொத்துகிறார். கத்தி பழகியவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். மணற்பாறையில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், கத்தி எஃகைவிடக் கடினம். கொத்தக் கொத்தத் தேய்வது பாறை மட்டுமில்லை, கத்தியின் வாயும்தான், அதாவது அறுக்கும் கூர்விளிம்பும்தான். பிறகு அறுக்க முயலும்போது மழுங்கிய அலகு தோலைக்கூடக் கீறவில்லை. எலும்பை அந்தக் கத்தி அறுக்காது என்று புரிந்து, கையை வளைத்து எலும்பை முறித்த பிறகுதான் விடுதலை. இந்த வகைப் படங்களில் கத்தியைப் பற்றி இவ்வளவு நேர்மையான காட்சி அபூர்வம்.

மற்றப் படங்கள் ஏமாற்றும் இடம் பூட்டு, அதாவது திறந்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு. மடக்குக் கத்தியில் அலகு, பிடி, இரண்டையும் இணைக்கும் ஆணி, பின்னால் ஒரு வில்பட்டை, இவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1891-இல் தம் நாட்டுப் படைக்குச் செய்து கொடுத்த கத்தியும், 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியும் (இன்று சுவிஸ் கத்தி என்கிறோமே, அதுதான்) வில்லின் இறுக்கத்தில் மட்டும் நிற்பவை. பூட்டு கிடையாது. பிரான்சின் ஒபினெல் கத்தி 1890-இலேயே வந்தாலும், திருகிப் பூட்டும் வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. அமெரிக்காவின் பக் நிறுவனத்தின் 110 என்ற கத்தி 1964-இல் வந்த பிறகு முதுகில் பூட்டு உள்ள வகை பரவியது.

இந்த வித்தியாசம் விரலுக்கு ரொம்ப முக்கியம். சாதாரணமாக அறுக்கும்போது வாயின்மேல் விழும் அழுத்தம் அலகை இன்னும் திறக்கும் பக்கம்தான் தள்ளும், ஆபத்தில்லை. நுனியால் குத்தினாலோ, முதுகில் அடி விழுந்தாலோ அழுத்தம் மூடும் பக்கம் திரும்பும். பூட்டு இல்லாத கத்தி அப்போது விரல்மேல் மடங்கும். பூட்டு இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அலகு 8 செ.மீ. என்றால், ஆணிக்கும் பூட்டு தாங்கும் இடத்துக்கும் நடுவே 1 செ.மீ. அளவுதான் இருக்கும். நுனியில் 5 கிலோ அழுத்தம் விழுந்தால் பூட்டின்மேல் 40 கிலோ. படத்தில் கதாநாயகன் மடக்குக் கத்தியை விறகில் வைத்து, முதுகில் கட்டையால் ஓங்கி அடித்துப் பிளக்கிறான் இல்லையா, நிஜத்தில் ஆணி ஆட்டம் காணும், பூட்டு நசுங்கும். வேறு வழியே இல்லையென்றால் பூட்டை விடுவித்து, பிடியைத் தொங்கவிட்டு, அலகை மட்டும் ஆப்பு மாதிரி வைத்து மெதுவாகத் தட்டலாம். அதுவும் கட்டைவிரல் பருமனுள்ள குச்சிக்குத்தான்.

அதைவிட, சீவுவதுதான் இந்தக் கத்திக்கு ஏற்ற வேலை. மழையில் நனைந்த காட்டில் தரையில் கிடக்கும் குச்சியைத் தொடாதீர்கள். மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளையை ஒடியுங்கள். பட்டையையும் ஈரமான மேல்பகுதியையும் சீவி எடுத்தால் உள்ளே உலர்ந்திருக்கும். கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையால் தள்ளுங்கள். தச்சர் இழைப்புளியில் வருகிற மாதிரிச் சுருள் வரவேண்டும். அது குச்சியிலிருந்து அறுந்து விழக்கூடாது. சுருள் அறுந்துபோனால் கத்தி நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்படி நாலைந்து குச்சி இருந்தால் நெருப்பு பிடிக்கும். காய்ந்த மூங்கில் கிடைத்தால் இன்னும் சுலபம். கத்தி முதுகால் அதன் மேல்தோலைச் சுரண்டினால் பஞ்சு மாதிரித் தூள் சேரும். உரசினால் பொறி தட்டும் உலோகக் குச்சியான ஃபெர்ரோ ராடையும் முதுகால்தான் உரசவேண்டும். படத்தில் கத்தியின் வாயால் உரசுவார்கள். பார்க்க அழகு, கத்தி அன்றோடு மழுங்கும். முதுகின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் உருண்டிருந்தால் பொறி வராது. சுவிஸ் கத்தியில் ரம்பத்தின் முதுகு அதற்கு உதவும்.

சாணை பிடிப்பதை எந்தப் படமும் சரியாகக் காட்டுவதில்லை. ஆற்றுக்கல்லில் நாலு தேய்ப்பு, உடனே பளபளப்பு! நம் பக்கத்துக் கருங்கல் சொரசொரப்பு அதிகம். ரம்பப் பல் மாதிரி வாய் வரும், கயிறு அறுக்கும், குச்சி சீவாது. வீட்டில் பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பில்லாத வளையம் ஒன்று இருக்கும், அது நல்ல சாணை. அலகின் அகலம் 2 செ.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 6, 7 மி.மீ. தூக்கிப் பிடித்தால் சாய்வு ஏறத்தாழ 20 டிகிரியாக அமையும். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் நீளம் முழுக்க மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்பட்ட பிறகுதான் திருப்பவேண்டும். பிசிறு வராமல் திருப்புவதால்தான் பலருக்கு எவ்வளவு தேய்த்தும் கூர் ஏறுவதில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக இழுத்தால் பிசிறு போய்விடும்.

படம் பார்த்த உற்சாகத்தில் கத்தியோடு காட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என நம் இரண்டு மாவட்டக் காடுகளில் பெரிய பகுதி ஒன்று இன்று வனவிலங்குச் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே போகக்கூடாது, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டவும் கூடாது. ‘சின்னக் கத்திதானே’ என்று வனக்காவலரிடம் வாதாடிப் பயனில்லை. சீவிப் பழக உங்கள் தோட்டத்துக் குச்சி போதும்.

கார்பன் எஃகுக் கத்தியால் மாங்காய் அறுத்தால் உடனே கழுவித் துடையுங்கள். புளிப்பு பட்ட இடம் கறுக்கும், ஈரத்தோடு மடக்கினால் துரு ஆணிக்குள் இறங்கும். மணல் புகுந்து நறநறத்தால் தண்ணீரில் முக்கி, திறந்து மூடி, பழைய பல் பிரஷால் தேய்த்துக் காயவைத்து, ஆணியில் ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வணக்கம்.