பகையா என்று கேட்டால் போதுமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இரவு வானில் தோன்றும் விளங்காத ஒளிகளை ஆராய வேண்டியவர்கள் ராணுவத்தினரா, வானியலாளர்களா என்பது தலைப்பு. வானியலாளர்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

"ரேடார் யாரிடம் இருக்கிறது? போர் விமானம் யாரிடம் இருக்கிறது?" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு அமர்ந்தார். லடாக்கைப் பாருங்கள் நண்பரே. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை இந்திய வீரர்கள் எல்லையில் இரண்டு ஒளிகளைக் கண்டு, சீன உளவு விமானங்களோ என்று ஐயுற்று, 329 முறை குறித்துவைத்தார்கள். அந்தக் குளிரில் கண்விழித்தவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிச்சை அவிழ்த்தவர்கள் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார். ஒன்று வெள்ளி, மற்றது வியாழன்!

தவறாக எண்ணுவது மனித இயல்பு. தெரிந்தும் மறைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

1950களின் பிற்பகுதி. அந்தி நேரம். 20,000 அடி உயரத்தில் பயணிகள் விமானத்தை ஓட்டிச் செல்கிறார் ஒருவர். அவருக்குச் சூரியன் மறைந்துவிட்டது. தலைக்கு மேலே வெகு உயரத்தில் நெருப்புத் துண்டு போல ஏதோ ஒன்று எரிகிறது. அது 60,000 அடிக்கும் மேலே பறந்த அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம். அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருக்கிறது. வெள்ளி நிற இறக்கையில் பட்டுத் தெறிக்கிறது. இப்படிப் புகார்கள் குவிந்தன. இத்தகைய புகார்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை நடத்திய 'புளூ புக்' திட்டத்தின் அதிகாரிகள் யூ-2 பறந்த நேரங்களோடு ஒப்பிட்டு உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் எழுதிக் கேட்டவர்களிடம் பனித்துகள் என்றார்கள், வெப்பநிலை மாற்றம் என்றார்கள். 1997இல் வெளியான சி.ஐ.ஏ.யின் வரலாற்று ஆய்வே இதை ஒப்புக்கொண்டது. தன் கண்ணையே சந்தேகித்துக்கொண்டு வாழ்ந்த அந்த விமானிகளுக்கு யார் பதில் சொல்வது?

"புளூ புக்கில் ஹைனெக் என்ற வானியலாளர் இருந்தாரே" என்பீர்கள். இருந்தார், ஆலோசகராக. 1966இல் மிச்சிகனில் பலர் கண்ட ஒளிகளுக்குச் சில நாள் விசாரணையிலேயே சதுப்பு நில வாயு காரணமாகலாம் என்று அவர் சொல்ல நேர்ந்தது, ஊரே கொதித்தது. பின்னாளில் விமானப்படையின் விசாரணை முறையையே அவர் கடுமையாகக் கண்டித்தார்.

1969இல் புளூ புக்கை மூடியபோது 12,618 புகார்களில் 701 விளங்காதவையாகவே நின்றன. நாட்டுக்கு ஆபத்தில்லை என்று சொல்லி மூடினார்கள். ராணுவம் கேட்பது 'பகையா?' என்ற ஒரே கேள்வி. இல்லை என்றானதும் கோப்பைக் கட்டிவிடுகிறது. வானியலாளருக்கு வேலை தொடங்குவதே அங்கேதான்.

பகை விமானம் வந்தால் ராணுவம் விரட்டட்டும். அது அவர்கள் கடமை. பகை இல்லை என்று தெரிந்த மறுநாளே பதிவேடு வானியலாளர் கைக்கு வரட்டும். அதைத்தான் கேட்கிறேன், நடுவர் அவர்களே. லடாக்கில் கொடுத்தார்கள், விடை கிடைத்தது.