கில்ட்டின் பாரத்தைத் தாங்குவது எது? பக்கிள், தோல் வார், கரை நாடா தேர்வு

[காட்சி: மேசை மீது பழைய கில்ட் ஒன்று, உள்பக்கம் மேலே தெரியும்படி விரிக்கப்பட்டிருக்கிறது.]

வணக்கம். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் (மலைநாட்டு) உடையான, பாவாடை போல இடுப்பில் சுற்றிக் கட்டும் கில்ட்டைப் புதுப்பிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் பக்கிளைத்தான் முதலில் தேடுகிறார்கள்; அதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். முழு அளவு கில்ட் ஒன்றில் சுமார் 8 கெஜம், அதாவது 7.3 மீட்டர் கம்பளித் துணி மடிப்புகளாக அடுக்கப்பட்டிருக்கும். அவ்வளவு பாரத்தையும் இடுப்பில் பிடித்து நிறுத்துபவை இரண்டு அல்லது மூன்று தோல் வார்களே. மேலே கட்டும் அகலமான பெல்ட் பெரும்பாலும் அழகுக்குத்தான்.

[அண்மைக் காட்சி: லைனிங்கைத் தூக்கிக் காட்டும் விரல்.]

மடிப்புகளின் உள்ளே தேங்கும் மிகுதித் துணியை இடுப்புப் பகுதியில் வெட்டி எடுத்துவிடுவது மரபான தையல்முறை என்பதால், அந்த இடத்தில் கம்பளி மட்டும் இழுப்பைத் தாங்காது. உள்ளே தைத்த கேன்வாஸ் என்ற முரட்டுத் துணிதான் தாங்கும். அது நைந்திருந்தால் எவ்வளவு உயர்ந்த தோல் வாங்கினாலும் பயனில்லை. முதலில் கேன்வாஸை மாற்றுங்கள்.

[காட்சி: மூன்று வார்கள் வரிசையாக.]

கில்ட்டின் முன்புறத்தில் மடிப்பில்லாத இரண்டு துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஆண்கள் அணியும் கில்ட்டில் அடியில் இருக்கும் உள் முன்துணியின் வார், இடப்பக்கத் துளை வழியாக வெளியே வந்து இடது இடுப்பில் மாட்டப்படும். மேல் முன்துணியின் வார்கள் வலப்பக்கம் மாட்டப்படும். 1¼ அங்குல (சுமார் 32 மில்லிமீட்டர்) அகலமுள்ள வார்கள் வழக்கமானவை. தாவரச் சாற்றில் பதனிட்ட தோலை நான் விரும்புகிறேன். வளைந்த இடத்தில் அது பழகிப்போகும். செயற்கைத் தோல் சில ஆண்டுகளில் மேல்பூச்சு உரிந்து கருந்தூளாகக் கம்பளியில் ஒட்டும்.

[அண்மைக் காட்சி: பக்கிளின் முள்.]

பக்கிளின் உள் அகலம் வாரின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். தளர்ந்தால் வார் ஒரு பக்கமாக நழுவி முள் சாய்ந்து துளையைக் கிழிக்கும். முலாம் பூசிய மலிவு இரும்பில் வியர்வை பட்டு முலாம் தேய்ந்ததும் துரு கம்பளியில் இறங்குகிறது. என் முதல் கில்ட்டில் விழுந்த அந்தப் பழுப்புக் கறை இன்னும் போகவில்லை. பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போதும். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்: பிசிறு தட்டினால் அது துணியையும் அறுக்கும்.

[காட்சி: குத்தூசியும் மெழுகு பூசிய நூலும்.]

தோலை இயந்திரத்தில் நெருக்கமாகத் தைத்தால் தபால்தலையின் துளைவரிசை போலாகி, அதே கோட்டில் பிய்ந்துவிடும். குத்தூசியால் இடைவெளி விட்டுத் துளையிட்டு, கேன்வாஸ் வரை ஊசி இறங்கும்படி கையால் பின்தையல் போடுவதே நீடிக்கும். அணிபவர் பருத்துவிட்டாலோ இளைத்துவிட்டாலோ, வாரைத் தொடாமல் பக்கிளின் இடத்தை மாற்றுங்கள். பழைய தையல் துளைகள் பக்கிளைப் பிடிக்கும் புதிய தோல் துண்டின் அடியில் மறையும்படி இடம் பார்ப்பது நல்லது. புதிதாகத் தைப்பவர்கள், பக்கிள் முள் வாரின் நடுத்துளையில் விழும்படி அளந்தால் இரு பக்கமும் இடம் இருக்கும்.

[காட்சி: இடுப்பு விளிம்பு.]

இனி கரை நாடா. இடுப்பின் மேல்விளிம்புக்கு கில்ட்டின் அதே டார்டன் (கட்டம் போட்ட கம்பளி) துணியின் பட்டை சிறப்பு; துணி மிச்சமில்லை என்றால் கறுப்புப் பருத்தி நாடாவோ, குறுக்கு வரிகள் கொண்ட கிராஸ்கிரெயின் நாடாவோ போடலாம். துணியை மூலைவாட்டில் வெட்டிய நாடா இழுபடும் என்பதால் இடுப்புக்கு ஏற்றதல்ல. பருத்தி சுருங்கும், தைக்குமுன் வெந்நீரில் நனைத்து உலர்த்திவிடுங்கள். கீழ்விளிம்புக்கு நாடா எதுவும் தேவையில்லை: மரபான கில்ட்டில் துணியின் சொந்தக் கரையே அங்கு விளிம்பாக நிற்கிறது.

[காட்சி: இடப்பக்கத் துளை, வார் உள்ளே நுழைகிறது.]

எல்லோரும் மறக்கும் இடம் இந்த இடப்பக்கத் துளை. அணியும் ஒவ்வொரு முறையும் வார் இதை உரசுகிறது. ஆகவே விளிம்பைச் சுற்றி நெருக்கமான காஜா தையல் போட்டு, பிறகுதான் புதிய வாரை நுழைத்துப் பாருங்கள்.