வளையல் சத்தமும் வசவுச் சத்தமும்

நடுவர் ஐயா அவர்களே, அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சனங்களே, வணக்கம்!

பிள்ளையின் குணத்துக்கு அடித்தளம் கருவறையா, வளர்ப்பா என்பது தலைப்பு. நான் கருவறைக் கட்சி. எதிரணி மதினி, "பத்து மாசம் எங்கே, இருபது வருசம் எங்கே?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிப் போனார். மதினி, வீடு கட்ட வருசமாகும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாலு நாள்தான். வானம் கோணினால் கொத்தனார் எத்தனை வருசம் பூசினாலும் சுவர் என்னாகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவலைப்பட்டால் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது அப்படியே பிள்ளைக்குப் போய்விடாது. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நின்று, பெரும்பகுதியைச் செயலிழக்க வைத்துவிடும். கவலை நாள்பட்டால் அந்தக் காவல் தளரலாம். கார்ட்டிசாலே விஷம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் நுரையீரல் முதிர அதுவும் வேண்டும். குறைமாதப் பிரசவம் வரும்போல் இருந்தால் டாக்டர்களே ஸ்டீராய்டு ஊசி போடுவதில்லையா? அளவும் நேரமும்தான் பேச்சு.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் உறைபனி மழை கொட்டி மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அதுவும் அந்தக் குளிரில். அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை 2 வயதில் சோதித்தார்கள். தாய் பட்ட பாடு கூடக் கூட, பிள்ளையின் பேச்சும் புரிதலும் சராசரியில் குறைந்திருந்தன. அந்தப் பிள்ளைகள் புயலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை ஐயா!

தாய் எலி நக்கி வளர்த்த குட்டி பதறாது, வளர்ப்புத் தாய் நக்கினாலும் பதறாது என்று மதினி சொன்னார். அது கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வாளர் மைக்கேல் மீனி குழு கண்டது, மறுக்கவில்லை. வளர்ப்பு சீராக்கும். ஆனால் சீராக்க வேண்டிய நிலை எங்கே வந்தது?

உடனே, "அப்போ எல்லாம் தாய் குற்றமா?" என்பீர்கள். தப்பு! எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. தேங்காய்ச்சோறு, புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். பிள்ளை காதில் சத்தம் விழட்டும் என்று அந்தப் பெண்ணைக் கை ஆட்டச் சொன்னார்கள், ஆட்டினாள். அடுக்களை வாசலில் நின்ற மாமியார், "இதுவும் பொட்டப் புள்ளையா இருந்தா அப்படியே ஆத்தா வீட்டுலயே இருந்துக்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கே கேட்டது.

அதற்கப்புறம் அந்த வளையல் ஆடவில்லை ஐயா.